பகலில் வரும் எலிகள்

எலி ஒரு நாளில் பல முறை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், ஐயா. நம் ஆட்கள் பலர் அந்த அளவுக்குக் குளிப்பதில்லை. எனக்கு அவற்றின்மேல் எந்தக் கோபமும் கிடையாது. என் பிழைப்பே அவற்றால்தான். எலிகள் எப்படிப் பெருகும், எப்போது குறையும், எங்கே நகரும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் எழுதுகிறவன் நான்.

பழைய மென்பொருள் எலிகளை மொத்தமாகத்தான் எண்ணும். இத்தனை பிறந்தன, இத்தனை செத்தன, மீதி இவ்வளவு. நான் அதை மாற்றினேன். என் பதிப்பில் ஒவ்வொரு எலியும் தனி. அதற்கென்று வயது, பசி, பயம் எல்லாம் உண்டு. ஓட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. இரையும் நின்று, வெளியேறும் வழியும் அடைபட்டால், எலிகள் முதலில் தங்கள் குட்டிகளைத் தின்கின்றன. குட்டிகள் தீர்ந்ததும் பயம் விட்டுப்போகிறது. மனிதர் இருக்கும் அறைக்குள் பட்டப்பகலிலேயே வருகின்றன.

மேலாளர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"பொம்மைப் படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எலி நீங்க சொல்றதைக் கேக்கணுமே. எங்கயாவது நிஜமா நடந்தாக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்."

அவர் வாயோரத்தில் ரொட்டித் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதை நாக்கால் துழாவிக்கொண்டேதான் என் உழைப்பை ஒதுக்கித் தள்ளினார்.

எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு கிடங்கு இருக்கிறது. ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் மாவு மூட்டை அடுக்க வாடகைக்கு எடுத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் காலி செய்தார். மாவு போய்விட்டது, எலிகள் போகவில்லை. கிடங்கின் சாக்கடை வாயையும் சன்னலையும் நான் சிமென்ட் வைத்துப் பூசினேன். "பரவாயில்லையே, வீட்டு வேலையெல்லாம் செய்யறியே" என்றாள் அக்கா.

அக்காவும் அப்பாவும் கீழ்த்தளம், நான் மாடி. அப்பா முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கைகளிலும் வலு இல்லை. அக்காதான் அவரைப் புரட்டுவாள், துடைப்பாள், அடியில் இருப்பதை அள்ளுவாள். அப்புறம் அதே கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குச் சோறு போடுவாள். அந்தக் கை தட்டுக்கு மேலே வரும்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வரும். ஆனால் ஒரு நாளும் நான் முகம் சுளித்ததில்லை.

மகளின் பிரசவத்துக்கு அக்கா போகவேண்டியிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"உனக்கு அருவருப்பா இருக்குமேடா."

"அப்பாதானேக்கா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பாவின் அறைச் சுவரடியில் பழைய குழாய் போன ஓட்டை ஒன்று கிடங்குக்குள் இறங்கும். அதன்மேல் தகரம் வைத்துத் திருகியிருந்தது. அக்கா கிளம்பிய பிறகு அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன். அலமாரிமேல் சின்னக் காமிரா ஒன்றைப் பொருத்தி, அதன் படம் என் ஆபீஸ் கணினியில் தெரியும்படி செய்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

முற்பகலிலேயே முதல் எலி வந்தது. பின்னாலேயே மற்றவை. சுவரை ஒட்டித் தயங்கி நிற்கும் பழக்கமெல்லாம் போய்விட்டிருந்தது. நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குத்தான் போயின. அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு வலிக்கவில்லை, ஐயா. அதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். போர்வை அசைவதையும் அது நனைந்து நிறம் மாறுவதையும் அவர் கவனித்ததே வெகுநேரம் கழித்துத்தான். பிறகு அவர் வாய் திறந்து திறந்து மூடியது. காமிராவில் ஒலி வைத்திருக்கவில்லை. தேவைப்படவில்லை.

மேலாளரைக் கூப்பிட்டேன். திரையில் கட்டில் தெரியாதபடி ஓட்டையை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன்.

"அட, நல்ல வெளிச்சத்துலயே வருதே. சரி தம்பி, உங்க பதிப்பையே அனுப்பிடலாம்" என்றார். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அக்கா போனில் கேட்டபோதெல்லாம் அப்பா அமைதியாக இருக்கிறார் என்றேன். இரண்டாம் நாள் அவள் திரும்பும்வரை அந்தக் கதவை நான் திறக்கவில்லை. நடுவில் நுழைந்தால் எலிகளின் போக்கு மாறிவிடும்.

அக்கா வந்து போர்வையைத் தூக்கினாள். சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தாள். அங்கே குனிந்தபோதுதான் தகரத்தைப் பார்த்தாள், அப்புறம் என்னை.

"உன்னைத்தானேடா கூப்பிட்டிருப்பார்" என்றாள்.

அப்பாவுக்கு அப்போதும் உயிர் இருந்தது. ரத்தத்தில் விஷம் ஏறி ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். தகரத்தைக் கழற்றியது நான், வழிகளை அடைத்தது நான், பார்த்துக்கொண்டிருந்ததும் நான். எதையும் மறுக்கவில்லை.

"அறையில ஒரு மனுஷன் இருந்தாகணும்னா, நீங்களே உக்காந்திருக்கலாமே?" என்று கேட்கிறீர்கள்.

அந்த அறையிலா? அந்த நாற்றத்தில் ஒரு மனிதன் எப்படி ஐயா உட்கார்ந்திருக்க முடியும்?