சாம்பல் சுவர் முன்னால் ஒரு கீற்று ஆவி

சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால் நீராவியைப் படம் பிடிக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலையில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால், நான் செய்தது உங்களுக்குப் பாதிதான் விளங்கும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

இணையம் வழியாகத் தொழில் பயிற்சி தரும் நிறுவனத்தில் இருக்கிறேன். பாடங்களைப் படம் பிடித்துக் கொண்டுவருவார்கள். அவற்றைச் சுருக்கி, மலிவான போனிலும் தடைபடாமல் ஓடவைப்பது என் வேலை. இந்தப் பாடம், உணவு டின்களை ஆவியில் வேகவைக்கும் பெரிய இரும்புக் கலத்தை இயக்குபவர்களுக்கானது. ஓர் ஆள் குனியாமல் உள்ளே நடந்து போகலாம், அவ்வளவு பெரிது. வெந்து முடிந்ததும் ஆவியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறப்பார்கள். மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதே என்று நம்பிவிடக் கூடாது. மீட்டருக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் இருந்தாலும் முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கும். அதற்காகத்தான் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு குழாய். அதைத் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றும் வராவிட்டால் கதவைத் திறக்கலாம். ஒரு கீற்று ஆவி வந்தாலும் கை வைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச அழுத்தமே கதவை ஆளோடு சேர்த்து எதிர்ச் சுவரில் அடித்துவிடும்.

பாடம் எடுத்தவரை நாங்கள் பாய்லர் சார் என்போம். வாயால் விளக்குவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. “கண்ணால பார்த்தாத்தான்யா மண்டையில ஏறும்” என்பார். அதனால் குழாயைத் திறந்து காட்டும் காட்சிகள் இரண்டை வைத்தார். முதலாவதில் “இப்போ திறக்கலாம்.” இரண்டாவதில் “இப்போ திறக்கக் கூடாது.” அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பாடம் வெளிவந்ததும் மாணவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இரண்டு காட்சிக்கும் என்ன வித்தியாசம்? மூலப் படத்தை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது காட்சியில் ஆவி நூல் மாதிரி எழுந்து சுவரோடு கரைந்தது. நான் சுருக்கிய பிரதியில் ஆவியே இல்லை. ஃபைலை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். அப்போதும் இல்லை.

“ஆவியைக் காணோமா? ஏன்யா, நான் வெந்நீர்ல குளிச்சா அந்த ஆவியும் உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?” என்றார் பாய்லர் சார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அசையாத படத்தில் சுருக்கும் மென்பொருள் ஒரு தந்திரம் செய்யும். ஒரு படத்தை முழுதாக வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த படங்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். ‘சுவர் அப்படியே இருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் போதுமே, எதற்குத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும்? அழகான ஏற்பாடு. ஆனால் ஃபைலில் கூடுதல் இடம் கொடுத்த பிறகும் ஆவி வரவில்லை என்றால் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான். தேடிக் கண்டுபிடித்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். திருத்திய பிரதி போன பிறகு ஒரு புகாரும் வரவில்லை.

இப்போது மாப்பிள்ளை.

என் தங்கையை வளர்த்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். அவள் கணவர் நல்ல மனுஷர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தூரத்து ஊரில் புதிதாக ஓர் உணவுத் தொழிற்சாலை திறக்கிறார்கள், இந்தப் படிப்பை முடித்தால் வேலையும் வீடும் உண்டு என்று தெரிந்ததும் எங்கள் வகுப்பிலேயே சேர்ந்தார். தங்கைக்குக் கால் தரையில் படவில்லை.

“அண்ணா, அந்த வீட்டுக்குப் பின்பக்கம் எவ்வளவு இடம் தெரியுமா? நீ லீவு போட்டுட்டு வந்து ஒரு வாரம் இருக்கணும், ஆமா” என்றாள் சிரித்துக்கொண்டே. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எந்த மாணவருக்கு எந்தப் பிரதி போக வேண்டும் என்பதை என் மேஜையிலிருந்தே மாற்றலாம். மாப்பிள்ளைக்கு மட்டும் பழைய பிரதியை வைத்தேன். தேர்விலும் அவரவர் பிரதியிலிருந்து அதே இரண்டு காட்சிகளை வரிசை மாற்றிக் காட்டி, எதில் திறக்கலாம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் தவறினால் மொத்தமும் தோல்வி. அவர் தோற்கட்டும், வீட்டோடு இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாத யோசனை.

அவர் தேறிவிட்டார்.

சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார். “மச்சான், சிரிக்கக் கூடாது. அந்த ரெண்டு காட்சிக்கும் என்னதான் வித்தியாசம்? குருட்டாம்போக்குல முதல்னு போட்டேன், பாஸாயிட்டேன். போய் நிக்கப்போறது நிஜக் கதவு முன்னாடி, அதான் கேக்குறேன்.”

கையில் கயிறு வைத்திருந்தார். மாடியில் தங்கை பாத்திரங்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

“ஒரு வித்தியாசமும் இல்ல மாப்பிள்ளை. ஒரே காட்சியை ரெண்டு தடவை ஒட்டிட்டாங்க, எடிட்டிங்ல வந்த தப்பு. முள்ளு பூஜ்யத்துல நின்னா திறந்துடலாம்” என்றேன்.

“அதானே பார்த்தேன்! நான் என் கண்ணுல கோளாறுன்னுல்ல நினைச்சேன்” என்று என் தோளில் தட்டினார். படத்தைப் பற்றி நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

வேலை தெரியவில்லை என்று தொழிற்சாலைக்காரர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. எல்லோரும் புதியவர்கள், கூட நின்று திருத்த ஆள் கிடையாது. உடன் வேலை செய்தவர் உங்களிடம் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள்: குழாயிலிருந்து லேசாக ஆவி வந்ததாம், மாப்பிள்ளை அதைப் பார்த்தாராம், முள்ளையும் பார்த்துவிட்டுக் கதவில் கை வைத்தாராம். ஆமாம். நான் சொன்னபடிதான் செய்திருக்கிறார்.

தங்கை அந்த வாரமே வந்துவிட்டாள். மாடியில்தான் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை, தட்டைக் கதவருகே வைத்துவிட்டு வருவேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். தனியாக இருக்கத் தெரியாத பெண் அவள்.

காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, எழுதிக்கொள்ளுங்கள். சுருக்குவதற்கு முன்பே ஒரு ஃபில்டர் ஓடுகிறது. மங்கலான படத்தில் நெளியும் புள்ளிகளைத் தூசு என்று எண்ணித் துடைத்துவிடும். சாம்பல் சுவரில் ஆவியும் அதற்குத் தூசுதான். துடைத்த பிறகு ஃபைலை எவ்வளவு பெரிதாக்கி என்ன பயன்? அந்த ஃபில்டரை அணைக்க வேண்டும். அந்தக் காட்சிக்கு மட்டும் பிட்ரேட்டைக் கூட்ட வேண்டும், அதாவது ஃபைலில் கூடுதல் இடம் தர வேண்டும். சின்ன போனிலும் ஆவி பளிச்சென்று தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் அனுப்பினேன், அவர் ஒருவரைத் தவிர.