ராணி குளித்த எண்ணெய்

கண்டியிலிருந்து கலஹா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஏதோ ஹோட்டலில் மசாஜ் செய்பவள். மற்றவள் அவளுடைய மதினி.

“மதினி, நேத்து ஒரு வெள்ளைக்காரி எங்க கக்கூஸ் வாசத்துக்கு அழுதுட்டா.”

“நாத்தத்துக்கு அழத்தானே செய்வா?”

“சந்தோஷத்துல அழுதா! எங்க வழக்கம், முதல்ல லெவண்டர், அது இதுன்னு மூணு எண்ணெய்ப் போத்தல மோந்து பார்க்கக் குடுப்போம். ஒடம்பு எதைக் கேக்குதோ அதைத் தடவுவோம். அவளுக்கு மூணும் வேணாமாம். வெளிய இருந்து வர்ற வாசந்தான் வேணுமாம். அது நுளம்பு வந்து கடிக்காம இருக்க கக்கூஸ் துடைக்கிற பங்கிரிப் புல்லு எண்ணெய்!”

“ஐயய்யோ, சொல்லிட்டியா?”

“வேலை போறதுக்கா? தேங்காயெண்ணெயில கலந்து தடவிவிட்டேன். கண்ண மூடிக்கிட்டு அழுறா. அதைப் பார்த்த எங்க மேடம், கண்டி ராணி குளிச்ச எண்ணெய்னு கதை கட்டி, அழகான போத்தல்ல ஊத்தி வச்சிட்டாங்க. இன்னைக்கு வந்தவங்க எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க.”

மதினி அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப கக்கூஸ எதுல துடைக்கிறீங்க?”

“லெவண்டர்ல. அதுதான் சும்மா கெடக்கே.”