பி பக்கம், மூணாவது பாட்டு

துரைப்பாண்டி: நம்ம சங்கரன்கோவில் தறி ஒண்ணு லண்டனுக்குப் போயி பாட்டுப் பாடி, அதை வெள்ளைக்காரன் கேசட்டு போட்டு வித்துக்கிட்டு இருக்கான்வே தங்கசாமி. அங்கன சனம் வேலைவெட்டிக்குப் போகாம உக்காந்து கேக்காம்.

தங்கசாமி: ஆடித் தபசுத் திருநாளுக்கு நம்ம சங்கத் தண்ணிப்பந்தலுக்கு மைக்செட் சொல்ல வந்தவனை இழுத்து உக்கார வச்சு, இதைத்தான் சொல்லுதீராக்கும். போஸ்ட்மேன் வேலை ரிட்டயராகி ஒரு வருசம் ஆகல. அதுக்குள்ள...

துரைப்பாண்டி: நம்பலைன்னா பாதுஷாகிட்ட கேளும். கடையும் அவனுது, கேசட்டும் அவனுது.

பாதுஷா: அண்ணாச்சி சொல்லுததுல... பாதி நெசம்.

துரைப்பாண்டி: பாதியா? நேத்து இதைச் சத்தமா வைக்கையில ரோட்டுல போன கரிவலம் பஸ்ஸு நின்னு, டிரைவரு இறங்கி வந்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுட்டுல்லா போனான்.

பாதுஷா: பஸ்ஸு பஞ்சர், அண்ணாச்சி.

துரைப்பாண்டி: பஞ்சரும் உண்டு.

தங்கசாமி: பாதுஷா, குழாய் ஸ்பீக்கரு எத்தனை கட்டுவ? அதைச் சொல்லு.

பாதுஷா: நாலு கட்டலாம். அதுக்கு முன்னால ஒரே ஒரு பாட்டு கேளுங்க. போன மாசந்தான் வெளிய வந்திருக்கு. நாலு பையங்க சேந்த பாட்டுக் குழு. 'லேட் ஆர்ச்சர்ட்'னு பேரு.

தங்கசாமி: அப்படின்னா?

பாதுஷா: பிந்திப்போன பழத்தோட்டம்னு வச்சுக்கிடுங்க.

தங்கசாமி: பிந்திப்போனா பழம் அழுகியில்லா இருக்கும்.

துரைப்பாண்டி: போடுலே. இவரு பேசிக்கிட்டேதான் இருப்பாரு.

பாதுஷா: ஏ பக்கம், முதல் பாட்டு.

தங்கசாமி: ...என்னலே இது. பாடுதவன் வாய் நிறைய வெத்தலையா?

துரைப்பாண்டி: கிணத்துக்குள்ள இருந்து பாடுதான்வே. முப்பது அடி ஆழம் இருக்கும்.

பாதுஷா: வேணும்னேதான் அப்படி. நம்ம பாட்டுல பாடுதவன் முன்னால நிப்பான், மேளம் பின்னால இருக்கும். இவங்க குரலைக் கிட்டாருக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்காங்க. நாமதான் தேடிப் போவணும்.

தங்கசாமி: தேடிப் போயி?

பாதுஷா: போயிப் பாத்தா அங்க அவன் இருக்க மாட்டான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருப்பான்.

தங்கசாமி: அந்தக் கிட்டாரு... ஒரு தட்டுதான் தட்டுதான். நாலு தட்டு கேக்கே.

பாதுஷா: அதுக்குன்னு எதிரொலி மிசினு ஒண்ணு உண்டு.

தங்கசாமி: கோயில் கல் மண்டபத்துல கை தட்டுன மாதிரி இருக்கு.

துரைப்பாண்டி: ஆளு பாட்டுக்குள்ள இறங்கிட்டாருலே.

தங்கசாமி: நான் ஒண்ணும் இறங்கல. நாலு குழாய் பத்தாது, ஆறு கட்டு.

பாதுஷா: கட்டுதேன். இப்ப ஓடுதுல்லா, ரெண்டாவது... இதைக் கேக்கையில எனக்குச் சாயத்தொட்டி ஞாபகம் வரும். நூலை முக்கினதும் நீலம் அப்படியே தண்ணியில...

தங்கசாமி: சாயம் தெரியாம பேசாத. முக்குதப்ப நீலமா இருக்காது. தொட்டிக்குள்ள பச்சையாத்தான் இருக்கும். வெளிய எடுத்துக் காத்துல பிடிச்சாத்தான் கொஞ்சம் கொஞ்சமா நீலம் ஏறும்.

பாதுஷா: சரி அண்ணாச்சி.

தங்கசாமி: ...இதுவும் அப்படித்தான் இருக்கு. ஓடும்போது ஒண்ணுமில்லாத மாதிரி. நின்ன பெறவுதான் ஏறுது.

துரைப்பாண்டி: நான் இதை நூத்திமுப்பது தடவை கேட்டிருக்கேன். எனக்கு இப்படிச் சொல்லத் தோணலை பாரும்.

பாதுஷா: மூணு தடவை.

துரைப்பாண்டி: மூணு தடவை கேட்டா நூத்திமுப்பதுக்குச் சமம். திருப்பிப் போடுலே, பி பக்கம். மூணாவதுக்கு நேரா ஓட்டிரு.

தங்கசாமி: ஏன், நடுவுல உள்ளது நல்லா இருக்காதா?

துரைப்பாண்டி: இருக்கும். ஆனா தறி மூணாவதுலதான் வருது.

பாதுஷா: இந்தா... இதான். பாட்டு பேரு 'செவன்'.

துரைப்பாண்டி: கேட்டீரா?

தங்கசாமி: மேளம்.

துரைப்பாண்டி: மேளமா இது? தறியில நூலோட நாடா அங்கிட்டும் இங்கிட்டும் பாயுத சத்தம்வே. மூணு அடி நேரா விழுது. நாலாவது பிந்தி விழுது. நொண்டுது.

தங்கசாமி: நொண்டித் தறி எந்த ஊர்லயும் இருக்கும்.

துரைப்பாண்டி: இருக்கும். ஆனா பாட்டுக்கு ஏழுன்னு எதுக்குவே பேரு வச்சான்? உம்ம கொட்டகையில ஏழாம் தறி நாலாவது அடிக்கு நொண்டாதா? மெக்கானிக்கு வந்தா மத்ததை எல்லாம் காட்டுவீரு, ஏழாம் தறியை மட்டும் தொட விட மாட்டீரு. ஊருக்கே தெரியும்.

தங்கசாமி: நேரம் கிடைக்கல.

துரைப்பாண்டி: மூணு வருசமாவா?

தங்கசாமி: தறி ஓட்டாத ஆளு பேசுத பேச்சு இது. என் கொட்டகையில பன்னிரண்டு தறி. கரண்டு வந்தா பன்னிரண்டும் ஓடும். பக்கத்துல நிக்கவன் பேசுதது கேக்காது, சைகைதான். அதுல ஒத்தைத் தறி மட்டும் இப்படித் துப்புரவா எப்படிவே டேப்புல ஏறும்? மத்த பதினொண்ணும் எங்க போச்சு? சொல்லும்.

துரைப்பாண்டி: அது... எனக்கும் விளங்கல.

பாதுஷா: எனக்கும் அதான் யோசனை.

தங்கசாமி: விளங்கலல்லா. அப்ப விட்டுரும்.

துரைப்பாண்டி: அட்டையில பின்னால என்ன போட்டிருக்குன்னு வாசிலே.

பாதுஷா: அண்ணாச்சி, வேண்டாம். சொல்லக் கூடாதுன்னு...

துரைப்பாண்டி: வாசிலேங்கேன்.

பாதுஷா: ...கிட்டாரும் தறியும், நாயகம். பதிவு, மான்செஸ்டர்.

தங்கசாமி: நாயகம்னு ஆயிரம் பேரு இருப்பான்.

துரைப்பாண்டி: மான்செஸ்டர்லயா? உம்ம மவன் கோமதிநாயகம் ஒருத்தன்தான்வே இங்கன இருந்து அங்கன போனது.

தங்கசாமி: துணி மிசினு படிக்க அனுப்புனேன். படிப்பை விட்டுட்டுக் கிட்டாரைத் தூக்குனான். அந்தப் பேச்சை எடுக்காதீரும்.

துரைப்பாண்டி: நான் எடுக்காம யாரு எடுப்பா? அவன் போட்ட மூணு லெட்டரையும் உம்ம வாசலுக்குக் கொண்டாந்தவன் நான். மூணையும் வாங்க மாட்டேன்னீரு. 'வாங்க மறுத்தார்'னு எழுதித் திருப்பி அனுப்புனதும் இந்தக் கைதான். முப்பது வருசத்துல எத்தனையோ எழுதியிருக்கேன். அந்த மூணு தடவைதான் பேனா ஓடல.

தங்கசாமி: அதுக்குத்தான் ரெண்டு பேரும் சேந்து பொறி வச்சீகளாக்கும்.

பாதுஷா: பொறிதான் அண்ணாச்சி. லெட்டரு வாங்க மாட்டீங்கன்னு தெரிஞ்சு எனக்கு கேசட்டு அனுப்பினான். ஒண்ணாப் படிச்சவம்லா. கூட ஒரு காயிதமும் வச்சிருந்தான்.

தங்கசாமி: எனக்கு வேண்டாம்.

பாதுஷா: உங்களுக்கு இல்ல, எனக்குத்தான். 'அப்பாகிட்ட யாரு பாட்டுன்னு சொல்லாத, சும்மா போடு. தறியை அவரே கண்டுபிடிச்சுட்டா தபசுக்கு ஊருக்கு வாரேன். இல்லன்னா இனி அந்தப் பக்கமே வரல'ன்னு எழுதியிருக்கான். துரைப்பாண்டி அண்ணாச்சி வாய வச்சுக் கெடுத்துட்டாரு.

துரைப்பாண்டி: என்ன செய்ய. நல்ல சேதியா இருந்தா என் வாயில நிக்காது.

தங்கசாமி: கண்டுபிடிக்கலைன்னு எழுதிரு.

பாதுஷா: அண்ணாச்சி...

தங்கசாமி: என் தறி இல்ல. பதினொரு தறிக்குப் பதில் சொல்லுங்க, பெறவு பேசலாம்.

துரைப்பாண்டி: அதுக்குப் பதில் இல்ல. ஆனா உம்ம விரல் ஏன்வே மேசையில தாளம் போடுது?

தங்கசாமி: எறும்பு.

துரைப்பாண்டி: எறும்பு நாலாவது அடிக்குச் சரியாப் பிந்துதே.

பாதுஷா: அட, கரண்டு போயிட்டு.

துரைப்பாண்டி: எதிர்ச் சந்துல தறியெல்லாம் நின்னுட்டு பாத்தீரா. எம்புட்டு அமைதி.

பாதுஷா: பேட்டரி போடுதேன். பாட்டு இன்னும் கொஞ்சந்தான் இருக்கு.

தங்கசாமி: வேண்டாம். ...அது எப்படி முடியுது?

பாதுஷா: கடைசியில கிட்டாரு நின்னுரும். தறி மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். பெறவு அதுவும் நின்னுரும்.

தங்கசாமி: நின்னதும்?

பாதுஷா: நின்னதும்னா?

தங்கசாமி: ஒரு இருமல் இருக்கா? ...இருக்காது. வெட்டி எறிஞ்சிருப்பான்.

பாதுஷா: இருக்கு அண்ணாச்சி. பாட்டு அதுலதான் முடியும். நான் கேசட்டு பழுதுன்னுல்லா நினைச்சேன்.

துரைப்பாண்டி: தங்கசாமி, நீரு அதுவரைக்கும் கேக்கவே இல்லையே. அதுக்குள்ள கரண்டு போயிட்டுல்லா. உமக்கு எப்படிவே தெரியும்?

தங்கசாமி: சீமைக்குப் போறதுக்கு முந்தின நாளு டேப்பைத் தூக்கிட்டுக் கொட்டகைக்கு வந்தான். ஏழாம் தறி சத்தம் மட்டும் வேணும்னான். எதுக்குன்னு நான் கேக்கல. மத்த பதினொண்ணையும் நாந்தான் நிறுத்தினேன்... நூல்தூசி தொண்டையில அடைச்சுது. அவன் முடிக்கட்டும்னு அடக்கிக்கிட்டே நின்னேன். தறி நின்னதும் வந்துட்டு. கண்டுபிடிச்சுட்டேன்னு எழுதுலே, பாதுஷா. தறியும் என்னுது, இருமலும் என்னுது. ஏழாம் தறியை இன்னும் ரிப்பேரு பாக்கலைன்னும் எழுது.