இரண்டு சீப்புப் பழம் குறைவு

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிவாயுவில் ஓடிய குழித்துறை பஸ்ஸில் என் உடம்பு முக்கால் இருக்கையைப் பிடித்திருந்தது. முன்னிருக்கையில், கோயிலில் பிள்ளைக்குத் துலாபாரம் கொடுத்துத் திரும்பும் தம்பதி. மனைவி விசும்பினாள்.

“போன வருசம் ஏழு சீப்புப் பழம் வச்சாத்தான் தட்டு சமமாச்சு. இன்னைக்கு அஞ்சுதான். பிள்ளை உருகிட்டே போகு. டாக்டர்ட்ட காட்டணும்.”

கணவர் அவள் பக்கம் குனிந்தார்.

“ஏட்டி, அழாத. போன வருசம் உங்க அண்ணன்மாரு நின்னாவல்லா? பிள்ளைய நோஞ்சான்னு சொல்லிரப்பிடாதுன்னு, அது இருந்த தட்ட நான் கொஞ்சம் அமுக்கினேன்.”

“சாமி முன்னாலயா?”

“சாமிக்குப் பழம் கூடத்தானே கெடச்சு?”

பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

“இப்ப அமுக்காம சொல்லுங்க. கனம் உண்டா?”

பிள்ளை அவர் மடியிலேயே இருக்க, வழியில் தக்கலை வந்தது.

“ஏட்டி, பிள்ளைய வாங்கு. காலு மரத்துட்டு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “குழித்துறை வரைக்கும் இருக்கட்டும்” என்றாள்.