தலையாட்டலிற் போன வீடு

– திரும்ப ஒருக்கால் சொல்லுங்கோ. வீடு வேணுமோ எண்டு அந்த மனிசி கேட்ட நேரம் நீங்கள் தலையை எந்தப் பக்கம் ஆட்டினியள்?

– மேலும் கீழுமாத்தான், யூலியானா. ஓம் எண்டு சொல்லுறதுக்கு வேறை எந்தப் பக்கம் ஆட்டுறது?

– வாயாலை சொல்லியிருக்கலாம்.

– குறை நினையாதையும். வீடியோவிலை அவவின்ரை முகம் வடிவாத் தெரிஞ்சுது, சத்தம் மட்டும் அறுந்து அறுந்து வந்தது. பல்கேரியாவிலை இருக்கிற ஒரு பெண்பிள்ளையைப் பாத்து நான் இஞ்சை பலெர்மோவிலை நிண்டு கத்துறது மரியாதையோ? அவ இத்தாலியனிலை ஒரு கடதாசியிலை எழுதிக் காட்டினா, வீடு நாங்கள் பனிக்குப் போற கிழமைக்கு வேணுமோ எண்டு. நானும் மனமார ஆட்டினன்.

– அவ என்ன செய்தவ?

– முகம் சோர்ந்து போச்சு. பிறகு இன்னொரு கடதாசி. அப்ப வேறை ஆக்களுக்குக் குடுக்கட்டோ எண்டு. எனக்குத் திடுக்கிட்டுது. ஐயோ வேண்டாம் எண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா ஆட்டினன். அவ சந்தோசமாச் சிரிச்சுக் கைகாட்டிப் போட்டு வைச்சிட்டா. நானும் கைகாட்டினன்.

– காட்டாமல் இருப்பியளே. கேட்டியளோ, பிள்ளை எமிலியானா போனிலை தேடிப் பாத்திட்டாள். அந்த நாட்டிலை மேலும் கீழும் ஆட்டினால் இல்லையாம். பக்கவாட்டிலை ஆட்டினால்தான் ஓமாம்.

– அப்பிடியும் ஒரு தேசமோ?

– எங்கடை மன்னாரிலை எப்பிடி? தாய் வயித்திலையிருந்து கொண்டு வந்த தலையாட்டலைச் சும்மா ஆட்டியிருந்தியளெண்டால் இண்டைக்கு வீடு கையிலை.

– அதைத்தானே நான் பாடுபட்டு விட்டனான். வந்த புதிசிலை இஞ்சை பொலிதேயாமாப் பக்கம் ஒரு கட்டடத்து வாசல் காவலுக்கு நிண்ட நேரம், லிப்ட் வேலை செய்யுதோ எண்டு கேப்பினம். நான் எங்கடை மாதிரித் தலையை ஆட்டுவன். இல்லையாக்கும் எண்டு நினைச்சுப் படியாலை ஏறிப் போவினம். மேல் மாடி வரைக்கும் ஏறிப் போன ஒரு வக்கீல் ஐயா, மூச்சு வாங்க இறங்கி வந்து என்னை ஏசின ஏச்சு இருக்கே. அதுக்குப் பிறகு கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பழகி எடுத்த தலையாட்டல் இது.

– நல்லாத்தான் பழகியிருக்கிறியள். அந்த யன்னலைச் சாத்துங்கோ, கீழை சந்தைச் சத்தத்திலை நான் ஏசுறதும் உங்களுக்குக் கேக்கேல்லைப் போலை.

– கேக்குது. வடிவாக் கேக்குது. உடனை மன்னிப்புக் கேட்டு எழுதினனான். அந்த அம்மாவும் எழுதியிருக்கிறா, சிஞ்ஞோர் விமலராஜ், எனக்கும் மனவருத்தம், ஆனால் வேறை குடும்பம் காசு கட்டிப் போட்டுது எண்டு. நல்ல பண்பான மனிசி.

– பண்பை வைச்சு என்ன செய்யிறது, அதுக்குள்ளை படுக்கலாமோ? இஞ்சத்தை வடக்கு மலையளிலை ஒரு நாள் நிக்கிற காசிலை பல்கேரியாவிலை கிழமை முழுக்கப் பனியிலை சறுக்கலாம் எண்டு தேடித் தேடிக் கண்டுபிடிச்ச வீடு. சறுக்குப் பலகை வாடகை, பழக்கி விடுற ஆள், எல்லாம் அந்த மனிசியே பாத்துத் தாறன் எண்டவ.

– அதுக்குத்தான் நகுலேஸ்வரனோடை கதைச்சனான். அவனும் குடும்பத்தோடை பங்குக்கு வாறவன்தானே. காசு குடுத்துச் சறுக்கி விழப் போற முதல் தமிழர் நாங்கள்தான் எண்டு பகிடி விட்டாலும், அவன்தான் ஓடித் திரிஞ்சு அதே ஊரிலை வேறை வீடு பிடிச்சிருக்கிறான். கொஞ்சம் சின்னன். ஆனால் குசினி பெரிசாம். அரிசியும் குக்கரும் கொண்டு போனால் கடைச் சாப்பாட்டுச் செலவில்லை, யூலியானா இருக்கேக்கை எங்களுக்கு என்ன குறை எண்டு கேட்டான்.

– நீங்கள் என்ன சொன்னியள்?

– என்ன சொல்லுறது. தலையாட்டினன்.

– எந்தப் பக்கம்?

– நகுலேஸ்வரனுக்கு எந்தப் பக்கம் ஆட்டினாலும் ஓம்தான்.

– நல்லது. விமானம் ஏறிப் போய்ச் சோறு வடிக்கிறன்.

– கோவியாதையும். அதிலையும் ஒரு சிக்கல் இருக்கு. சொல்ல அனுமதி தருவீரெண்டால் சொல்லுறன்.

– சொல்லுங்கோ.

– அந்த வீட்டிலை ஒரு கட்டில் குறையுது. ஒராள் பயணம் வராமல் இஞ்சை நிக்க வேண்டி வரும். நான் நிக்கிறன் எண்டுதான் முதல் சொன்னனான், மாதா அறிய. ஆனால் நகுலேஸ்வரன் சொல்லுறான், எமிலியானாவைத் தகப்பன் இல்லாமல் பனியிலை விடுறது சரியில்லையாம். அதாலை நான் யோசிச்சன். நீர் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோரா மாசியிலை மலை வீட்டுக்குப் போறவ. இந்த முறை வரமாட்டன் எண்டு நீர் சொன்னதுக்கு இன்னும் வேறை ஆள் பிடிக்கேல்லை எண்டும் சொன்னீர்.

– அதுக்கு?

– நீர் வழமை போலை அவவோடை போகலாம். வேலையும் பறிபோகாது. அங்கையும் அதே பனிதானே. பல்கேரியப் பனி வெள்ளை, இத்தாலிப் பனி கறுப்போ?

– நான் சிஞ்ஞோராவுக்கு இல்லை எண்டு சொன்னது இதுதான் முதல் தரம். எவ்வளவு நாள் அந்தச் சொல்லை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சனான் எண்டு தெரியுமோ? இப்ப போய், சிஞ்ஞோரா, என்ரை மனிசனுக்கு ஒரு கட்டில் குறையுது, நான் வாறன் எண்டு சொல்லட்டோ?

– மரியாதையாச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுவா. நீர் ஒவ்வொரு மாசியும் பனி பாக்கிறீர். பாவம் எங்கடை பிள்ளை. செத்திமானா பியாங்கா எண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எல்லாம் பனிமலைக்குப் போற கிழமையிலை, அவள் வீட்டிலை இருந்து மற்றவையின்ரை படத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்காண்டித்தானே இவ்வளவும்.

– எமிலியானா வரமாட்டாளாம்.

– என்ன சொல்லுறீர்?

– போன ஞாயிறு கோயிலாலை வரேக்கை சொன்னவள். அம்மா அப்பாவோடை சறுக்கப் போனால் கூட்டாளியள் சிரிப்பினமாம். தன்ரை கூட்டாளி மரியா வீட்டிலை நிண்டு படிக்கப் போறாளாம்.

– இவ்வளவு நாளும் எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?

– சொன்னால் அந்த நிமிசமே பயணத்தை விட்டிருப்பியள்.

– விடத்தானே வேணும். இது நல்லதாப் போச்சு. நகுலேஸ்வரன் தன்ரை ஆக்களோடை போகட்டும், கட்டில் சண்டையும் இல்லை. ஏன் என்னை இப்பிடிப் பாக்கிறீர்?

– அப்ப இந்த வீடும் போச்சு.

– குறை நினையாதையும், யூலியானா, எனக்கு உண்மையாவே விளங்கேல்லை. நான் படியிலையே வழுக்கி விழுற ஆள், எனக்குப் பனி ஆசையில்லை. நீர் பனி பாத்துப் பாத்துச் சலிச்சவர். பிள்ளையும் வரேல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு, பிறகும் வீடு போச்சு வீடு போச்சு எண்டு காலமையிலையிருந்து என்னோடை சண்டை பிடிக்கிறீர். அப்ப ஆருக்காண்டி இந்தப் பயணம்?

– மலை வீட்டிலை எல்லாரும் சறுக்கிப் போட்டு வர, ஈரச் சறுக்குச் சப்பாத்துகளை அடுப்புக்குக் கிட்ட வைச்சுக் காய விடுறது என்ரை வேலை. வாசலுக்கு அங்காலை நான் ஒருநாளும் இறங்கினதில்லை, இறங்கச் சொல்லி ஒருத்தரும் கேட்டதுமில்லை. போன மாசி அவையள் பின்னேரப் பூசைக்குப் போன நேரம், சிஞ்ஞோராவின்ரை சப்பாத்துச் சோடியை எடுத்துக் காலிலை போட்டு, குசினிக்குள்ளை அங்கையும் இஞ்சையும் நடந்து பாத்தனான். எனக்கு அளவாத்தான் இருந்தது.