லிங் கரையில் கை தூக்காதவர்

அன்று கார்ஸ்பெக் நிலையத்துக் காத்திருப்பு அறையில் ஐந்து பேர் இருந்தோம். தேநீர் மேடையைப் பார்த்துக்கொள்ளும் எனிட் த்வெயிட். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் கத்பர்ட் ஆல்டர்சன். எங்கள் ரயில் புகைப்படச் சங்கத்தின் செயலாளர் டெஸ்மண்ட் க்ளெக். காலஞ்சென்ற என் தம்பி நீவிலின் மகள் ஹெஸ்டர். முப்பத்தாறு வருடமாக அந்தச் சங்கத்தின் தலைவராக இருக்கும் நான், அம்ப்ரோஸ் ஹெஸ்கத். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை நம்ப வேண்டாம்.

இரவு ஒன்பது மணி. வெளியே மழை. நாற்காலிகளைக் கணப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தோம். சங்கத்தின் கண்காட்சிக்காகச் சுவரில் ஒன்பது ரயில் படங்களை மாட்டியாகிவிட்டது. பத்தாவது ஆணி காலி. ஹெஸ்டரின் மடியில் பழுப்புத்தாள் சுற்றிய ஒரு சட்டம் இருந்தது. அவள் அப்பா எடுத்த படம்.

"தப்பா எடுத்துக்காதம்மா," என்றார் டெஸ்மண்ட். "உங்கப்பா நல்ல மனுஷன்தான். ஆனா அந்த மரத்தை வெட்டினவரோட படத்தை இங்க மாட்டினா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"முப்பத்தொரு வருஷம் ஆச்சு டெஸ்மண்ட்," என்றாள் எனிட். "அப்ப உன் தலையில முடி இருந்துச்சு."

ஹெஸ்டர் அவர்களைப் பார்க்கவில்லை. "பெரியப்பா, நீங்க சொல்லுங்க. மாட்டலாம்னா மாட்டுவோம். வேண்டாம்னா நான் கிளம்பறேன், கடைசி பஸ் பத்தேகாலுக்கு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அப்பா யார்கிட்டயும் வாயைத் திறந்ததே இல்லை."

நான் சொன்னேன். சங்கத்தில் எப்போதும் சொல்லப்படுகிற மாதிரியே தொடங்கினேன்.

நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. விடியாத ஐந்தே முக்கால் மணி. கார்ஸ்பெக்கிலிருந்து லிங் கரைக்கு, அதாவது தண்டவாளத்துக்கு மேலே உயர்ந்திருக்கும் மண்மேட்டுக்கு, போகும் வழி... மூன்று மைல். வழியில் ஒரு வீடு கிடையாது. இரண்டு பக்கமும் கல் சுவர், நடுவில் மூடுபனி. கைவிளக்கின் வெளிச்சம் நான்கடி போய் நின்றுவிடும். மரத்தை வெட்டியவன் தனியாகத்தான் நடந்தான். தோள்பையில் கேமரா. அதனடியில், சாக்கில் சுற்றிய, மரம் அறுக்கும் கைவாள்.

எங்கள் ஆட்களுக்கு வாள் எதற்கென்று தெரியும். நீராவி எஞ்சினைப் படம் எடுத்தால் சக்கரம் முழுதாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அது படமே இல்லை. அதனால் யாராவது முன்னாலேயே போய், கரையில் வளர்ந்திருக்கும் புதரை அறுத்துத் தள்ளிவிடுவோம். தோட்ட வேலை என்று அதற்கு நாங்கள் வைத்த பெயர். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் லிங் கரையில் ஒரே ஒரு ஹாதார்ன் முள்மரத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஏமஸ் ரெய்ன் என்ற பாதைக்காரர் செத்த இடத்தில் அவர் மனைவி நட்ட மரம் அது.

ஓட்டுநர் ஊதினால், பாதையோரம் வேலை செய்கிறவர் ஒரு கையைத் தூக்க வேண்டும். கேட்டுவிட்டேன், விலகிவிட்டேன் என்று அர்த்தம். வண்டி மோதிச் செத்த அன்று, பனியில் ஏமஸுக்கு ஊதல் கேட்கவில்லை. கை தூக்கவில்லை.

அந்த நவம்பர் ஞாயிறு மதியம் ஒரு சிறப்பு நீராவி வண்டி வர இருந்தது; அந்த மரம் சரியாக அதன் சக்கரத்தை மறைக்கும் இடத்தில் நின்றது.

அறுக்கத் தொடங்கினான். சர்ர்... சர்ர்... ஈர மரம். வாள் மாட்டி மாட்டி வந்தது. பாதி அறுத்ததும் மூச்சு வாங்க நிறுத்தினான்.

டொக்.

கீழே, தண்டவாளத்தில்.

டொக்... டொக்...

தண்டவாளத்தை மர ஆப்புகள் பிடித்திருந்த காலத்தில், பாதைக்காரர்கள் நீண்ட சுத்தியலால் அவற்றைத் தட்டிக்கொண்டே நடப்பார்கள். அந்தச் சத்தம்தான். லிங் கரையில் மர ஆப்புகளை எடுத்துவிட்டு இரும்பு போட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. டொக்... டொக்... நெருங்கி வந்தது. மரத்துக்கு நேர் கீழே வந்து நின்றது.

பிறகு அந்த வாடை. ஹாதார்ன் பூவின் வாடை. தித்திப்பும் கெட்டுப்போன இறைச்சியும் கலந்தது போல் இருக்கும். அதனால்தான் எங்கள் வீடுகளுக்குள் அந்தப் பூவைக் கொண்டுவர விட மாட்டார்கள். மே மாதத்தில் பூக்கும் மரம்... நவம்பரில் அதில் ஒரு இலைகூட இல்லை. உள்ளங்கையில் ஈர மரத்தூள் அப்பியிருந்தது. வாடை அதிலிருந்துதான் வந்தது.

அப்போதாவது வாளைப் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மிச்சப் பாதியையும் அறுத்தான். அவ்வளவு பெரிய மரம் சாய்ந்தது... சத்தமே வரவில்லை.

பத்து மணிக்குப் பனி விலகியது. சங்கத்தார் பதினேழு பேர் வந்து சேர்ந்தார்கள். மரம் இல்லாததை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. முக்காலிகளை ஊன்றினார்கள். பன்னிரண்டு பத்துக்கு நீராவி வண்டி வந்தது. அடிமரத்துக்கு நேராக வந்ததும் ஊதியது. அங்கே ஊதக் காரணமே இல்லை. இருபது நிமிடம் கழித்து, வழக்கமான இரண்டு பெட்டி டீசல் வண்டி. அதுவும் அதே இடத்தில் ஹாரன் அடித்தது.

"ஓட்டினது நான்தான்," என்றார் கத்பர்ட். அதுவரை அவர் கணப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஹாரன் அடிச்சேன். அந்த ஆள் கையைத் தூக்கலை. மறுபடி அடிச்சேன். தூக்கலை. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, படம் புடிக்கற ஆளுங்கள்ல ஒருத்தன் மரத்தடியில பாதையை ஒட்டி நிக்கறான், கையைத் தூக்கத் தெரியாதா அவனுக்குன்னு சத்தம் போட்டேன். எந்த மரம்னு கேட்டாங்க. வெள்ளையாப் பூத்து நிக்குதே, அதுதான்னேன்." மூக்கைச் சிந்திக்கொண்டார். "மூணு வாரம் வண்டியைத் தொட விடலை என்னை. கண் டாக்டர்கிட்ட அனுப்பினாங்க."

யார் எடுத்த படத்திலும் ஆள் இல்லை, மரமும் இல்லை. சக்கரங்கள் மட்டும் மிக நன்றாகத் தெரிந்தன. இந்தச் சுவரில் நான்காவது படம் அன்று அங்கே நான் எடுத்தது. ஆறாவது டெஸ்மண்ட் எடுத்தது.

வெட்டியவன் வாளை அங்கேயே மறந்துவிட்டான். மறுநாள் யாரோ கண்டெடுத்தார்கள். கைப்பிடியில் நீவில் ஹெஸ்கத் என்று சூட்டுக்கம்பியால் எழுதியிருந்தது. சங்கத்தைக் கூட்டினோம். நீவில் வாளைப் பார்த்தான். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தான். சட்டையில் குத்தியிருந்த சங்கச் சின்னத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் ரயில் பக்கமே வரவில்லை.

கதை அவ்வளவுதான் என்று எழுந்தேன்.

"உட்காரு கண்ணு," என்றாள் எனிட். எழுபத்தெட்டு வயது அவளுக்கு. எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான். "மரத்தூள் உள்ளங்கையில அப்பினது... அதுலேர்ந்து வாடை வந்தது... இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா? நீவில் யார்கிட்டயும் வாயைத் திறக்கலைன்னு இப்பத்தானே இந்தப் பொண்ணு சொன்னா?"

ஹெஸ்டர் பழுப்புத்தாளைப் பிரித்தாள். மரம் வெட்டப்படுவதற்கு முந்தைய ஒரு மே மாதத்து லிங் கரை. படம் நிறைய அந்த மரம், வெள்ளை வெளேரென்று. அதற்குப் பின்னால் டீசல் வண்டி, பாதிதான் தெரிகிறது. சக்கரமே இல்லை.

"ரயிலை விட்டுட்டு மரத்தை எடுத்திருக்காரே," என்றார் டெஸ்மண்ட்.

"ஆமா," என்றாள் ஹெஸ்டர். "அப்பாவுக்கு அது புடிக்கும்."

என் வாள் மழுங்கியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நீவிலின் கொட்டகைக்குப் போய் அவனுடையதை எடுத்துக்கொண்டேன். அவனைக் கேட்கவில்லை. என் தாத்தா இந்தப் பாதையில் சிக்னல்காரர். என் அப்பா இதே நிலையத்தின் அதிபர். ஹெஸ்கத் பெயருக்கு ஒரு கறை வரக் கூடாது என்றுதான் அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவனும் ஹெஸ்கத்தான். இதைத்தான் அவர்களிடம் சொன்னேன், நின்றபடியே. உட்கார முடியவில்லை.

டெஸ்மண்ட் ஆறாவது படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான்காவதை நான் கழற்றினேன். ஹெஸ்டர் தன் அப்பாவின் படத்தைப் பத்தாவது ஆணியில் தானே மாட்டினாள். கோணலாக இருந்ததைச் சரிசெய்யக் கை நீட்டினேன். அவள் நகரவில்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

கதவருகே நின்று கோட்டுப் பொத்தான்களைப் போட்டாள். "வரேன், மிஸ்டர் ஹெஸ்கத்," என்றாள். அவள் பிறந்ததிலிருந்து என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை.

நான் உண்மையைச் சொன்ன பிறகு லிங் கரையில் எல்லாம் அடங்கிவிட்டது, ரயில்கள் இப்போது ஊதாமல் போகின்றன என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. போன ஞாயிற்றுக்கிழமை அந்த அடிமரத்தருகே நானே நின்றேன். புது வண்டி, இளம் ஓட்டுநர், என்னைத் தெரியாதவர். ஹாரன் அடித்தார். நான் கையைத் தூக்கினேன். நன்றாகத் தெரியும்படி, தலைக்கு மேல். அவர் என்னைப் பார்க்கவில்லை; எனக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்து, மறுபடியும் அடித்தார்.