நான் தட்டும் வரை

எனக்குக் காது கேட்காது என்று நினைத்து நீங்கள் இவ்வளவு உரக்கப் பேச வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் சார். மிஷின் மாட்டியிருக்கிறேன். நல்ல மிஷின். உங்கள் மின்விசிறி எங்கே உரசுகிறது என்றுகூடச் சொல்ல முடியும். றெக்கை உங்கள் தலைக்கு நேர் மேலே வருகிற இடத்தில்தான்.

என் பெயர் வேம்பு. மயிலாப்பூரில் பிறந்து மயிலாப்பூரிலேயே மூட்டுவலி வந்தவன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண் நிஷா, என் சிநேகிதன் லாரன்ஸின் மகள். "அங்கிள் சும்மா கதை விடுவாரு சார், கண்டுக்காதீங்க" என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். கதை விடுகிறவன்தான். லாரன்ஸ் அந்தக் காலத்தில் மைதாப் பசையால் தலைமுடியை ஆணி ஆணியாக நிமிர்த்திக்கொண்டு வருவான். லஸ் முனையில் ஒரு காக்காய் அதில் குச்சி கொண்டுவந்து சொருகிப் பார்த்தது என்று நான் சொன்னால் இன்றுவரை ஒருவரும் நம்புவதில்லை. அது போகட்டும்.

லாரன்ஸ் போன மாதம் செத்துப்போனதிலிருந்து அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை. தான்தான் அப்பாவைக் கொன்றதாகச் சொல்கிறாள். அது தப்பு. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

நாங்கள் நாலு பேர். ராயப்பேட்டை லாரன்ஸ் பாடுவான். ஸ்ரீரங்கன் கிதார். மெஹபூப் அலி பேஸ் கிதார். நான் டிரம்ஸ். எண்பதுகளின் ஆரம்பம். கப்பலில் வேலை பார்த்த மெஹபூபின் சித்தப்பா ஏதோ ஊரிலிருந்து கொண்டுவந்த, பங்க் என்கிற கூச்சல் பாட்டுக் கேசட்டைக் கேட்டு, இதை நாமும் செய்யலாம், வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்று கண்டுபிடித்தோம். குழுவுக்குக் கூவம் என்று பெயர் வைத்தோம். அவர்கள் மூவரும் சட்டை முழுக்க ஊக்கு குத்திக்கொண்டார்கள். நான் பூணூலில் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஆத்தில் ஊக்குக்கு அதுதான் எப்போதும் இடம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

என் அப்பா மிருதங்க வித்வான். லாரன்ஸ் என்னை அவன் தெருவில் சாவு மேளம் அடிக்கிறவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து அந்த அடியைக் கற்றுக்கொள்ள வைத்தான். வீட்டில் அதை மேசையில் வாசித்துப் பார்த்த அன்று அப்பா கட்டின வேட்டியோடு போய்த் தலை முழுகினார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அதற்கு முன்னும் அதிகம் பேசினதில்லை.

அந்த அடியில் ஒரு பாட்டுக் கட்டினோம். 'மார்ச்சுவரி' என்று பெயர். அதுதான் எப்போதும் கடைசிப் பாட்டு. முடிவில் லாரன்ஸ் பிணமாக விழுவான். நாங்கள் வாசித்துக்கொண்டே இருப்போம். நான் சிம்பலில், அந்தப் பித்தளைத் தட்டில், குச்சியால் நாலு தட்டுத் தட்டினால் எழுந்து கடைசி வரியைப் பாடுவான். ஒரு தடவை நந்தனத்துக் கல்லூரி விழாவில் ஒரு பேராசிரியர் பதறிப்போய் மேடையேறி அவன் முகத்தில் சோடாவைப் பீய்ச்சிவிட்டார். பிணம் தும்மியது. பாட்டு போயிற்று. அன்றைக்குப் போட்டோம் சட்டம்: வேம்பு தட்டும் வரை யாரும் லாரன்ஸ் கிட்டே போகக்கூடாது.

நிஷா சின்னக் குழந்தையாக அதை முதன்முதலில் பார்த்தபோது வீறிட்டு அழுதாள். அவள் அம்மா சொர்ணம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இரு கண்ணு, வேம்பு மாமா தட்டட்டும். அப்பா எய்ந்துக்கும்" என்றாள். தட்டினேன், எழுந்தான். குழந்தை கை தட்டியது. சொர்ணம் இப்போது இல்லை.

டிரம்ஸ்காரன் பார்ப்பது பாடுகிறவன் முதுகை. லாரன்ஸின் முதுகில் வியர்வை எந்த இடத்தில் தொடங்கி எப்படிப் படரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பழைய போட்டோக்களில் நாலு பேர் இருக்கிறோம் என்று கணக்கு வர, அவன் கக்கத்துக்குக் கீழே தெரிகிற என் முழங்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு எல்லாரும் வேலைக்குப் போனோம். வயதானோம். சந்தித்தால் முதலில் சர்க்கரை எவ்வளவு என்றுதான் விசாரிப்போம். மெஹபூபுக்கு ஈரல் போயிற்று. கடைசி வாரம் ஒரு நர்ஸம்மா அவனைக் கூப்பிட்ட பெயர் 'தாத்தா'. ஸ்ரீரங்கன் டயாலிசிஸில் வற்றி வற்றி, ஒரு டவலுக்குள் அடங்குகிற அளவில் போனான். பேப்பரில் 'ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்' என்று போட்டார்கள். பதின்மூன்றாம் நாள் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "நீங்களும் அதே பிராஞ்சா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். பாயசம் நன்றாக இருந்தது.

அப்போதே முடிவு செய்தேன், லாரன்ஸுக்கு இப்படி ஆகக்கூடாது என்று.

லாரன்ஸுக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு. ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை வாசிப்போம் என்றேன். அடையாறில் மாடியில் ஒரு காபிக்கடை. பிள்ளைகள் பாட்டுக் கேட்க வருவார்கள். கிதாருக்கு மாளவிகா, பேஸுக்கு கிரீஷ் என்று இரண்டு பேர் கிடைத்தார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் கேசட்டில் பதிவு செய்த பாட்டை எவனோ போனில் ஏற்றிவிட்டிருக்கிறான், அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

லாரன்ஸுக்குத்தான் மனசில்லை. ஒத்திகைக்கு என் பிளாட்டுக்கு வந்தவன் மாடிப்படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"மச்சி, மார்ச்சுவரி வேணாம்டா. இந்த வயசுல வுயுந்தா கிரேன் வச்சித்தான் தூக்கணும்."

"நீ எழுந்துக்கவே வேண்டாம். நான் தட்டறேன், படுத்துண்டே கடைசி வரியப் பாடு."

"செத்தவன் படுத்துக்கினே பாடுனா இன்னாடா நாயம்?"

"எல்லாரும் அதுக்குத்தான்டா வரா."

சிரித்தான். சிரித்து இருமி, நெஞ்சைத் தடவிக்கொண்டான். "இத்தோட சரி நைனா. ஆப்ரேசன் முடிஞ்சா கோயமுத்தூரு. நிஷா வூட்டாண்ட சர்ச் கீது. கொயர்ல பாடக் கூப்டுக்கினு கீறாங்க. வெள்ளை அங்கிக்கு அளவுகூட எடுத்துட்டாங்க."

லாரன்ஸ், வெள்ளை அங்கியில். எனக்கு நெஞ்சை அடைத்தது. எனக்கு நெஞ்சில் கோளாறு ஒன்றும் கிடையாது சார், மூட்டு மட்டும்தான்.

நிகழ்ச்சி அன்று நிஷா ஒரு மாத்திரை அட்டையை என் சட்டைப் பையில் போட்டாள். "அப்பா தொலைச்சிடுவாரு அங்கிள், நீங்க வச்சிக்கோங்க. நெஞ்சப் புடிச்சாருன்னா உடனே ஒண்ணு நாக்குக்கு அடியில." சரிம்மா என்றேன். அவள் முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

வாசிக்கும்போது நான் மிஷின் மாட்டுவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கழற்றி மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்துவிடுவேன். அன்றைக்கும் எல்லார் எதிரிலும் கூட்டைத் திறந்தேன், மூடினேன். மிஷின் காதிலேயே இருந்தது. முடியை இழுத்து மூடியிருந்தேன்.

நன்றாகப் பாடினான். கடைசிப் பாட்டில், விழ வேண்டிய இடத்துக்கு ஒரு வரி முன்னாலேயே விழுந்தான். இத்தனை வருஷத்தில் அவன் வரியை முழுங்கினதில்லை. எப்போதும் வலது தோளைக் கொடுத்து விழுகிறவன், அன்று கையை ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தான். மைக் உருண்டு ஓடியது. கூட்டம் விசிலடித்தது. எல்லாக் கையிலும் போன். மாளவிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாசி என்று கண்ணைக் காட்டினேன். வாசித்தாள்.

முன் வரிசையில் நிஷா எழுந்தாள்.

நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். குச்சியைத் தூக்கிக் காட்டினேன், இன்னும் தட்டவில்லையே என்பது போல. அவள் உட்கார்ந்தாள். குழந்தையிலிருந்து பழகினது சார். அதனால்தான் சொல்கிறேன், அவள் மேல் தப்பில்லை. உட்காரவைத்தது நான்.

சாவு மேள அடியில் நடு நடுவே ஒரு காலி இடம் வரும். அந்த இடத்தில் அவன் குரல் கேட்டது. "வேம்பு" என்றான். அடுத்த காலி இடத்தில், "தட்றா மச்சி." அதற்கடுத்ததில், "தட்டு." மைக் இல்லாததால் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஒவ்வொரு அடிக்கும் என் பையில் மாத்திரை அட்டை சரசரத்தது. அதுவும் கேட்டது. சொன்னேனே, நல்ல மிஷின்.

குரல் நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்சம் வாசித்தேன். பாட்டைப் பாதியில் விட முடியாது. அப்புறம் நாலு தட்டுத் தட்டினேன். எழுந்திருக்கவில்லை. அப்போது நான் அழுதது நிஜ அழுகை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விழுந்த உடனே கவனித்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "பாவம், காது கேக்காத மனுஷன்" என்று எல்லாரும் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நிஷா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க அங்கிள், நான்தான் உக்காந்துட்டேன்" என்றாள். அதுதான் மனசைப் பிசைகிறது. நான் செய்ததற்கு அந்தப் பெண் பட்டினி கிடப்பது நியாயமில்லை.

மற்றபடி எனக்கு வருத்தம் கிடையாது. நர்ஸம்மா தாத்தா என்று கூப்பிடவில்லை. வெள்ளை அங்கி இல்லை. பேப்பரில் 'பங்க் பாடகர் மேடையில் மரணம்' என்று பெரிய எழுத்தில் வந்தது. எல்லாம் அவனுக்காகச் செய்ததுதான். எனக்கு இதில் என்ன ஆதாயம், நீங்களே சொல்லுங்கள்.

பேப்பரில் வந்த அந்தப் போட்டோவைத்தான் நிஷா உங்களிடம் காட்டியிருப்பாள். "பாருங்க சார், எப்படிச் சிரிக்கிறாரு, ஒண்ணும் தெரியாமத்தான் வாசிச்சாரு" என்று. நானும் பார்த்தேன். லாரன்ஸ் தரையில் கிடக்கிறான் இல்லையா, அதனால் எனக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. முகம், கை, குச்சி, சட்டைப் பை எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

கேஸெல்லாம் முடிந்த பிறகு அதில் எனக்கு ஒரு பிரின்ட் கிடைக்குமா, சார்? பெரிய சைஸில் போட்டால் நல்லது. கீழ்ப்பக்கம் கொஞ்சம் வெட்டிவிடலாம்.